எங்கள் வீட்டின் முதல் குடித்தனம்

வாடகை வாங்க வரும்போது வீட்டுக்கார அம்மாவின் கண் ரூபாய் நோட்டின் மேல் இருக்காது, என் வயிற்றின் மேல் இருக்கும். நோட்டை எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொள்வாள். என்னை மட்டும் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் நகர்வாள்.

கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்துக்குப் போகிற வழியில் அவளுக்கு வரிசையாக நாலு வீடுகள் இருந்தன. நாலுக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல். கடைசி வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் மேலே போனால் வெள்ளிக்கிழமை இருட்டித்தான் இறங்குவார். மற்ற நாட்களில் நானும் அந்த அம்மாவின் கண்ணும்தான்.

குடிவந்த அன்றைக்கே அவள் தன் சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"பிரசவம் கிரசவம்னு இங்க வெச்சிக்கக் கூடாது. ஆஸ்பத்திரில பெத்துக்கினு பச்ச ஒடம்போட இங்க வந்து படுத்துக்கவும் கூடாது. தீட்டுப்பட்ட வூட்டுக்கு அடுத்த குடித்தனம் வராது. மாசமானா ஒடனே சொல்லிப்புட்டு வேற வூடு பாத்துக்கணும்."

புதிதாகக் கல்யாணமானவளிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. மில் வேலைக்கு வந்தவர்கள், ஆபீஸ்களுக்கு மாற்றலாகி வந்தவர்கள், கிணறு வற்றி ஊரைவிட்டு வந்தவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வீடுகள் அப்படியேதான் இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டு பால் காய்ச்சினேன்.

பிள்ளை பெற எனக்கு வேறு இடமும் கிடையாது. அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் அண்ணியின் தாயாரே நடையில்தான் படுத்திருந்தார். மாமியாரின் ஊர் நைனார்பாளையம். அந்த வீடு பாகப்பிரிவினையில் கொழுந்தனார் பக்கம் போய்விட்டது. மாமியாரே அங்கே ஒரு மூலையில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பங்குக்கு வந்த மேட்டு நிலத்தை விற்று, ஊருக்கு வெளியே சங்கராபுரம் சாலையில் ஒரு மனை வாங்கியிருந்தோம். அதில் ஒரு வீடு எழும்பினால் உண்டு. இல்லாவிட்டால் நான் பிள்ளையோடு எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது.

அந்த மனைகள் இரண்டு வருஷம் முன்புவரை மல்லாட்டை விளைந்த கொல்லை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. செடியைப் பிடுங்கிய இடத்தில் வெள்ளையடித்த கற்களை ஊன்றி, ஒரு சாமி பேரில் 'நகர்' என்று பலகை நட்டிருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்த காலம் அது. எந்தச் சாதியார் எத்தனை பேர் என்பதே டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேச்சாக இருந்தது. மனை வாங்கியவர்களும் அதே கணக்கில் இறங்கினார்கள். யாருக்கு எத்தனை மனை, அடுத்த மனை யாருக்குப் போகும் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் எடைபோட்டார்கள்.

பக்கத்து மனைக்காரர் முதல் நாளே என்னிடம், "உங்களுக்குக் குலசாமி எதுங்க?" என்று கேட்டார். குலசாமியைச் சொன்னால் ஊர், சாதி, வகையறா எல்லாம் வெளியே வந்துவிடும். நான் "திருப்பதிங்க" என்றேன். "உங்களுக்குங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "பழனிங்க" என்றார். இரண்டு பேருமே பொய் சொல்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் மனைக்குப் போகும்போதெல்லாம் முதல் வேலையாக எங்கள் எல்லைக்கல் நட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கையில் இருந்ததற்கு ஏற்ற வீடுதான் எழும்பியது. சூளைச் செங்கல், சுண்ணாம்புக்கோ சிமெண்டுக்கோ வழியில்லாததால் களிமண் சாந்து, மேலே ஓடு. மேஸ்திரி கெட்டிக்காரர், ஆனால் வாய் ஜாஸ்தி. "மண்ணு சாந்துச் செவுரும்மா. ஐப்பசி மழைக்குள்ள ஓடு ஏறிடணும். ஏறலன்னா செவுரு கரஞ்சி உக்காந்துக்கும்" என்று ஆடி மாதத்திலேயே சொல்லிவிட்டார்.

சுவர் இடுப்பு உயரம் வந்தபோது நான் முழுகாமல் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டதும் யாரும் முதலில் சந்தோஷப்பட மாட்டார்கள், வீட்டு வேலையை நிறுத்துவார்கள். வீட்டுக்காரி மாசமாக இருக்கும்போது வீடு கட்டக்கூடாது, நிலை வைக்கக்கூடாது, கூரை ஏற்றக்கூடாது, புது வீடு குடிபோகக்கூடாது. என் மாமியார் இதில் ரொம்பக் கெட்டி. மேஸ்திரியும் பின்னால் பழி வரும் என்று கரண்டியைக் கழுவி வைத்துவிடுவார். இருக்கிற வீட்டில் பிள்ளை பெறக்கூடாது, பிள்ளை பெற வேண்டிய வீட்டைக் கட்டக்கூடாது. இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நான் சிக்கிக்கொண்டேன். என் வயிறு வெளியே தெரிந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் மழையில் வீடு கரையும்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை கூடாது என்று பாடம் எடுக்கிற மனிதர். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடலாமே" என்றார். ஓடு ஏறும்வரை வாயைத் திறந்தால் நான் மலைக்கே வந்து உட்கார்ந்துகொள்வேன் என்றேன். அதற்குப் பயந்து சும்மா இருந்தார்.

மாதா மாதம் வீட்டுக்குத் தூரமானால் அந்த வரிசையில் பெண்கள் பின்பக்கம் கிணற்றடிச் சார்ப்பில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார வேண்டும். கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது, வேறு யாராவது தண்ணீர் சேந்தி ஊற்றுவார்கள். நான் உட்காராவிட்டால் வீட்டுக்கார அம்மாவுக்கு அன்றைக்கே விஷயம் தெரிந்துவிடும். ஆகவே உட்கார்ந்தேன். பொய்யாக ஒதுங்கி உட்கார்வது லேசான வேலை இல்லை. குமட்டிக்கொண்டு வரும், வயிற்றுவலி என்று சுருண்டுகொள்வேன். பழைய துணிகளை நனைத்து, பிழிந்து, புடவைக்கு அடியில் வேலியோரம் உலர்த்துவேன். அவை ஒளித்து வைத்ததுபோலவும் இருக்க வேண்டும், பார்க்கிறவள் கண்ணில் படவும் வேண்டும். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு மஞ்சள் பூசி வெளியே வந்தால், எதிரே அந்த அம்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஒரு தட்டில் பப்பாளிப்பழம் அரிந்து கொண்டுவந்தாள். அதுவரை எனக்கு ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூடத் தந்தவள் இல்லை. பப்பாளி தின்றால் கரு தங்காது என்பது பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினேன். உள்ளே போய் அத்தனையையும் ஜலதாரையில் தள்ளித் தண்ணீர் விட்டேன். "ரொம்ப இனிப்பா இருந்துச்சிம்மா" என்று தட்டைக் கழுவிக் கொடுத்தேன். "அப்பிடியா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியார் வாரம் ஒருமுறை நைனார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வரும் நாட்களில் புடவையைத் தொளதொளவென்று கட்டிக்கொள்வேன். "ஏன் ஒரு மாதிரி வெளுத்துக் கெடக்கற?" என்பார். வெயில் என்பேன். "வெயில்ல கறுப்பாங்க, நீ வெளுக்கறியா?" என்று என் முகத்தையே பார்ப்பார். நான் மேஸ்திரியைப் பற்றி ஏதாவது கோள் சொல்லிப் பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

மண் குழைக்கவும் கல் சுமக்கவும் என் கணவர் மலையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியை அனுப்பியிருந்தார். அந்த வருஷம் மேலே சாமை பொய்த்துப்போயிருந்தது. அவர்களுக்குக் கீழே வீடு ஏது? எங்கள் அரைகுறைச் சுவருக்குள்ளேயே கீற்றைச் சாய்த்துக்கொண்டு தங்கினார்கள். சமையலறைக்கு என்று விட்டிருந்த மூலையில் மூன்று கல்லைக் கூட்டி அந்தப் பெண் சாமைக் கஞ்சி காய்ச்சினாள். அவள் சித்தாள் வேலை பார்த்தாள். வந்தபோதே நிறை வயிறு. சும்மாட்டின் மேல் செங்கலை அடுக்கிக்கொண்டு அவள் சாரத்துக்கு நடந்து போவதைப் பார்த்தபோது, எனக்கு ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"மேஸ்திரி, மாசமா இருக்கிற பொம்பள வீட்டு வேலைல இருந்தா ஆகாதுன்னு சொல்லுவாங்களே?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது வூட்டுக்காரிக்குதாம்மா. கூலிக்கி வர்றவளுக்கு இன்னா தோஷம்? அவ வூடா இது?"

சித்தாள் காதிலும் அது விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் செங்கலை இறக்கினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அந்த ஆத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் வீட்டு வேலை ஓடிக்கொண்டிருந்ததே அந்தத் தோஷத்தை நான் மறைத்ததால்தான்.

செங்கலை அடுக்கும் முன் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார்கள். அப்போது ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்கு எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். வீட்டில் இருக்கும்போதுகூட அந்த நினைப்புதான். ஒருநாள் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம், சுவர் மறைவில் நின்று ஒரு துண்டுச் செங்கலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கடித்துச் சப்பிக்கொண்டே திரும்பினால், சித்தாள் எதிரே நிற்கிறாள். அவள் கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாயில் அவளும் ஒரு துண்டு ஒதுக்கியிருந்தாள்.

அவள் என் வாயைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள், பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் மேஸ்திரியிடம் சொல்வாளா, மாமியார் வரும்போது சொல்வாளா? சொல்லாமல் இருப்பதற்கு என்ன கேட்பாள்? கேட்பதற்கு முன்னால் நாமே கொடுத்துவிடுவோம் என்று ஒரு சொம்பு மோர் கொண்டுபோனேன். வாங்கிக் குடித்தாள். அடுத்த நாள் பழைய புடவை ஒன்றைக் கொண்டுபோனேன். அதையும் வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் கேட்காதவள் பெரிதாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

புரட்டாசியில் மறியல் தொடங்கியது. புளியமரங்களை அறுத்துச் சாலைகளின் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது. எங்கெங்கோ என்னென்னவோ நடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தெருவில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் யார் எவர் என்று விசாரித்தார்கள். என் கணவர் மலையிலேயே மாட்டிக்கொண்டார். மேஸ்திரி வேலைக்கு வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் முழு உயரத்துக்கு எழும்பி, தலையில் ஒன்றும் இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஓடு சின்னசேலம் பக்கம் எங்கோ லாரியில் கிடந்தது.

ஊரே சாலையைச் சபித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயத்தில் மட்டும் நான் அந்த மரங்களுக்கு நன்றி சொன்னேன். மாமியார் வரமுடியவில்லை. வயிறு அந்த வாரத்தில்தான் தொளதொளப் புடவையையும் மீறித் தெரிய ஆரம்பித்தது.

பஸ் ஓடாத ஊரில் செங்கலுக்குக் கால் முளைக்கும். பக்கத்து மனைக்காரர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் தினமும் நடந்துபோய்ச் செங்கல் அடுக்கைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் போன ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து முனகல் கேட்டது. சித்தாள் அந்தச் சமையலறை மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவள் புருஷன் பிரசவத்துக்குத் தன் தாயை அழைத்துவர மலைக்குப் போனவன், மறியலில் அந்தப் பக்கமே நின்றுபோயிருந்தான். ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கடைசியில் இருந்தது. வண்டி ஒன்றும் ஓடவில்லை. அவளால் இரண்டு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

பக்கத்து மனையில் அன்று ஆள் இல்லை. எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். வீட்டுக்கார அம்மாவும் அவள் மாமியாரும் ஒரு காலத்தில் அந்தத் தெருவுக்கே பிரசவம் பார்த்தவர்கள் என்று கிணற்றடியில் பேச்சு உண்டு. மூச்சிரைக்கப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"கூர இல்லாத வூட்லியா?" என்றாள். "யாரு அவ? உனுக்கு இன்னா வேணும்? என்ன ஏன் கூப்புடற?" அவளும் என்னைப் போலத்தான், எதையும் நம்பாதவள். கேட்டுக்கொண்டே ஆனால் புது பிளேடு, நூல்கண்டு, பழைய வேட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

மனையில் நுழைந்ததும் அவள் குரல் மாறிவிட்டது. வெந்நீர் வை என்றாள், துணியைக் கிழி என்றாள். நான் சித்தாளின் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைத் தாங்கிக்கொள்ளப் போனேன். வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ வெளிய போ."

"நான் புடிச்சிக்கறேம்மா."

"வயித்துல வெச்சிக்கினு இதெல்லாம் பாக்கக் கூடாது. புள்ளத்தாச்சிக்கி ஆவாது. போ வெளிய."

நான் வெளியே போய்ச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். உள்ளே அந்தப் பெண் கத்துவது கேட்டது, எனக்கு ஆயிரம் யோசனை ஓடியது. எப்போதிலிருந்து தெரியும் இவளுக்கு? தெரிந்தும் ஏன் துரத்தவில்லை? வெயில் சுவருக்கு அந்தப் பக்கம் சாயும்போது குழந்தை அழுதது. பெண் குழந்தை.

உள்ளே கூப்பிட்டதும் முதலில் நான் கேட்டது அதைத்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்கார அம்மா கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "பப்பாளி தின்னேன்னு சொன்ன. ஆனா அத்தினி துண்டையும் ஜலதாரைல தள்ளி வுட்ட. அப்பவே தெரியும்."

"நான் தின்னிருந்தா?"

"தின்ன வாய் தெறந்தா தட்டி வுட்டிருப்பேன். கதவு சந்துல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை? ஏன் என்னைக் காலி பண்ணச் சொல்லலை?"

"சொன்னா உன் மாமியா வூட்டு வேலய நிறுத்திடுவா. வேல நின்னா நீ எங்க போவ? என் வூட்லதான் பெத்துக்குவ. உன் வூடு சீக்கிரம் முடிஞ்சி நீ போவணும்னுதான் நான் வேண்டிக்கினு கெடந்தேன். உன் எடத்துக்கு மில்லுக்காரர் ஒருத்தர் கேட்டுக்கினு வேற இருக்கறார்."

நான் சித்தாளைப் பார்த்தேன். குழந்தையை வேட்டித் துணியில் சுற்றிப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். "நீ ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "வேல நின்னா நாங்க எங்கம்மா போவறது? எங்குளுக்கும் இதானே வூடு."

எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்மேல் இரக்கப்பட்டு ஒருத்தியும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஆளுக்கொரு காரணம், அவ்வளவுதான். நான் கொடுத்த மோரும் புடவையும் வீண். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மா எனக்கும் சேர்த்துத்தான் சுக்கு இடித்தாள்.

மரங்களை அகற்றிப் பஸ் ஓடிய முதல் நாளே மாமியார் நேராக மனைக்கு வந்து இறங்கினார். என் வயிற்றைப் பார்த்தார். உள்ளே அழுகிற குழந்தையைக் கேட்டார். தலையில் கை வைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு வூடு கட்னது பத்தாதுன்னு, கட்ற வூட்ல தீட்டு வேறயா? இனிமே ஒரு கல்லு வெக்கக் கூடாது."

வானம் தெற்கே கறுத்திருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அந்த அழுகையில் நடிப்பு இல்லை.

காப்பாற்றியது வீட்டுக்கார அம்மாதான். குழந்தைக்கு வசம்பு வளையல் கட்ட வந்தவள் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாங்க தெரியாம பேசறீங்க? குடிபோவாத வூட்டுக்குதான் அந்தச் சட்டம். இந்த வூட்ல அடுப்பு எரிஞ்சாச்சி, கஞ்சி காய்ச்சியாச்சி, ஒரு புள்ளயும் பொறந்தாச்சி. மொதக் குடித்தனம் வந்தாச்சிங்க. தோஷம் இருந்தா அது மொதக் குடித்தனத்தோட பூடுச்சி. உங்க மருமவ வர்றது ரெண்டாங் குடித்தனம். ரெண்டாங் குடித்தனத்துக்கு ஏது சாஸ்திரம்?"

"எந்த சாஸ்திரத்துல அப்பிடி சொல்லியிருக்குது?" என்றார் மாமியார் சந்தேகமாக.

"சொல்லலன்னு எந்த சாஸ்திரத்துல இருக்குது?"

மாமியார் அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், களிமண் சாந்துச் சுவரைப் பார்த்தார். அவர் குடும்பத்து நிலத்தை விற்ற பணம்தான் அந்தச் சுவரில் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மேஸ்திரி எங்க பூட்டான்?" என்றார்.

ஐப்பசி முதல் மழைக்கு எங்கள் தலைக்கு மேல் ஓடு இருந்தது. ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். அதற்கு முன்தினமே அந்த மலைக் குடும்பம் தங்கள் சட்டி பானைகளை வேப்பமரத்தடிக்கு நகர்த்திவிட்டது. நான் எல்லாருக்கும் பால் கொடுத்துவிட்டுச் சித்தாளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோனேன். கிளையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள்.

"யம்மா, பின்னால அந்தச் சந்துல ஒரு சார்ப்பு எறக்கிக்கினா நாங்க இருந்துக்குவோம்" என்றாள். "வாடக கழிச்சிக்கோங்க. அந்த அம்மா சொன்னாங்களே, மொதக் குடித்தனம் நாங்கதான்னு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் ஓட்டை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மனைக்காரர் பால் டம்ளரோடு வேலியோரம் வந்து நின்றார். 'இவங்க யாரு, இங்கியேவா இருக்கப்போறாங்க' என்று அவர் முகம் கேட்டது. மாமியார்தான் பேசினார். "அது பேச்சுக்குச் சொன்னதும்மா. இது எங்க வூடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும் இவங்க இருக்கட்டும். எனக்கும் துணைக்கு ஆள் வேணும்" என்று சத்தமாகச் சொன்னேன். பெரிய மனசோடுதான் சொன்னேன் என்று நினைத்தேன்.

சித்தாள் பாலைக் குடித்து முடித்தாள். இத்தனை மாதத்தில் நான் எத்தனை பேரைச் சந்தேகமாகப் பார்த்தேனோ, அத்தனையும் சேர்த்து அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பால?" என்றாள்.

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூளியை அவிழ்த்தாள். "பக்கத்து மனைல கல்லு எறக்கிட்டாங்க. மேஸ்திரி அங்க வரச் சொன்னாரு" என்றாள்.

மாசியில் எனக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு பச்சை உடம்போடு என் வீட்டுக்கு வந்தேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து மனைக்காரரின் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் சமையலறை மூலையில் மூன்று கல் அடுப்பு புகைவது என் ஜன்னலிலிருந்து தெரியும். ஒரு குழந்தை அழுதால் மற்றதும் அழும். சில நாள் அவள் வேலியோரம் வந்து என் பிள்ளையை எட்டிப் பார்ப்பாள். என் சாமான் ஏதும் குறைந்திருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிருந்தது.

அந்த வீட்டுக்கும் நாள் பார்த்தார்கள். பால் காய்ச்ச அழைத்ததால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். சித்தாள் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து மனைக்காரரின் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, சமையலறை மூலையில் கரி பிடித்திருந்த சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நீ பக்கத்துலியே இருக்கறவ. நெசத்தச் சொல்லு. எங்குளுக்கு முன்னால இந்த வூட்ல யாராச்சும் குடியிருந்தாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் இல்லீங்கம்மா" என்றாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.